முதல் கை

பயந்தவள் கையில் இஸ்திரிப்பெட்டியைக் கொடுக்கக் கூடாது. அன்று காலை சித்தியின் கையில் இருந்தது இஸ்திரிப்பெட்டிதான். அதன் அடியில் கிடந்தது கல்லூரி முதல்வரின் கறுப்பு அங்கி.

வெளியே விடாத மழை. விடுதிப் பிள்ளைகளின் போர்வைகளும் ஆய்வுக்கூடத்து வெள்ளைக் கோட்டுகளும் காய வழியில்லாமல் சலவைக்கூடத்துக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாகத் தொங்கின. கொதிகலன் பெருமூச்சு விட்டபடி இருந்தது. சோப்பும் ஈரப் பருத்தியும் சுட்ட இரும்பும் கலந்த வாசனை. அந்த வாசனைக்குள்ளேயே அவளுடைய பாதி ஆயுசு போயிருந்தது.

முதல்வரிலிருந்து வாசல் காவல்காரர் வரை எல்லோரும் அவளைச் சித்தி என்றுதான் கூப்பிட்டார்கள். நிஜத்தில் அவள் ஒரே ஒருத்திக்குத்தான் சித்தி. அக்கா கண்ணை மூடியபோது விட்டுப்போன பெண் குழந்தை அது. பிறக்கும்போதே மூச்சுமுட்டிப் பிறந்தது. கை கால் அதன் சொல்பேச்சு கேட்கவில்லை, கழுத்து நிற்கவில்லை, நாக்கு புரளவில்லை. அறிவு மட்டும் தீட்டின கத்தி. பேச வராத பிள்ளைக்குத் தெருப்பிள்ளைகள் கேலியாகக் ‘கிளி’ என்று பெயர் வைத்தார்கள். குழந்தை அழப்போகிறதே என்று சித்தி பதறினால், அது, பேர் நல்லாத்தான் இருக்கு, நானே வெச்சுக்கறேன் என்று சொல்லிவிட்டது. அந்தக் கிளிதான் வளர்ந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆராய்ச்சி பண்ணி முடித்து, அன்று பிற்பகல் பெரியவர்கள் முன்னால் வாய்மொழித் தேர்வுக்குப் போக இருந்தாள். அந்தப் பெரியவர்கள் போட்டுக்கொண்டு உட்காரப்போகும் அங்கிகளைத்தான் சித்தி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கிளிக்குப் பேச்சு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இழுத்துக் குழைந்து, மூச்சோடும் எச்சிலோடும் கலந்து வரும். புதிதாகக் கேட்பவருக்கு அது வெறும் சத்தம். சித்திக்குத் தெளிந்த தண்ணீர். அதனால் சின்ன வயதிலிருந்தே அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு. கிளி ஒரு வாக்கியம் சொல்வாள், சித்தி அதை உரக்கத் திருப்பிச் சொல்வாள். கிளியின் வலது கை சித்தியின் மணிக்கட்டின்மேல் கிடக்கும். சொன்னது சொன்னபடி போய்ச் சேர்ந்தால் கட்டைவிரல் ஓர் அழுத்து அழுத்தும். அந்த உடம்பில் சொன்ன சொல் கேட்கிற அவயவம் அந்த ஒரு விரல்தான். ஆய்வு முழுவதையும் அதனால்தான் கணினியில் தட்டி முடித்தாள். தேர்விலும் தட்டியே பதில் சொல்கிறேன் என்று அவள் கேட்டதற்கு, வாய்மொழித் தேர்வு என்றால் வாயால்தான் என்று கல்லூரி கையை விரித்துவிட்டது. ஆக, ஒலிபெருக்கி வேலை சித்திக்கு.

போர்வைகளை விலக்கிக்கொண்டு அலுவலகத்து உதவியாளர் வந்தார். குடையை மடக்காமலேயே நின்றார்.

“அங்கி ஆச்சான்னு ஐயா கேட்டார். இன்னொண்ணும் சொல்லச் சொன்னார்.”

“என்னவாம்?”

“உன் பொண்ணு பணிவான பொண்ணாம். இன்னிக்கும் அந்தப் பணிவு இருந்தா எல்லாருக்கும் நல்லதாம்.” குரலை இறக்கினார். “பின்பக்கத்துக் குடியிருப்பை இடிக்கப்போறதாப் பேச்சு அடிபடுது. யாருக்கு மாத்து வீடு, யாருக்கு இல்லன்னு ஐயாதான் முடிவு பண்ணுவாராம். நான் சொல்லல. காத்துல வந்துது.”

“காத்துக்கு நாக்கு நீளம்தான்,” என்று சித்தி சிரித்தாள்.

சிரிப்பு உதட்டோடு நின்றது. கை அதற்கு முன்பே நின்றுவிட்டிருந்தது. கருகல் வாசனை மூக்கில் ஏறியபோதுதான் பெட்டியைத் தூக்கினாள். அங்கிக் கையின் உட்பக்கத்தில், கட்டைவிரல் அகலத்துக்குப் பழுப்பாக ஒரு தீய்ச்சல். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் துணி எதையும் தீய்த்ததில்லை. உதவியாளர் பார்ப்பதற்குள் அங்கிக் கையை உள்ளே மடித்து, அடுக்கிக் கொடுத்தனுப்பிவிட்டாள்.

அந்தப் பணிவு என்ற சொல்தான் அவளைச் சுட்டது. ஏனென்றால் அது கிளியுடையது அல்ல.

அது ஒரு பழைய கதை. கிளி சிறுமியாக இருந்தபோது ஓர் ஆஸ்பத்திரியில் மருத்துவர் ஒருவர், இது பிழைத்து என்ன பண்ணப்போகிறது என்று அதன் முன்னாலேயே சொன்னார். குழந்தை ஏதோ குழறியது. என்ன சொல்கிறது என்று அவர் கேட்டார். உங்களுக்கு வைத்தியம் தெரியலன்னா தெரிஞ்சவரைக் கூப்பிடுங்கன்னு சொல்றா என்று சித்தி வெள்ளந்தியாக அப்படியே சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். கடைசி நோயாளி போகும்வரை வெளியில் உட்காரவைத்து, மருந்து தராமலே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் குழந்தைக்கு வலிப்பு கண்டது. பற்கள் கிட்டித்து, கண் செருகி, மடியில் கட்டையாகக் கிடந்த அந்தப் பிள்ளையைப் பார்த்தபோது சித்தியின் வயிற்றில் விழுந்தது பயம். பிறகு அது வெளியேறவே இல்லை.

அன்றிலிருந்து கிளி வாயில் கல்லாகக் கிளம்பிய சொல் சித்தி வாயில் பஞ்சாகி இறங்கியது. கதவைத் திறங்க என்று கிளி சொன்னால், சிரமம் பாக்காம கொஞ்சம் திறந்துவிட்டீங்கன்னா புண்ணியமாப் போகும் என்பாள் சித்தி. கேட்காத மன்னிப்பையெல்லாம் கேட்பாள். சலவைக்காரிக்கு எதைக் கண்டாலும் வெளுக்கத்தானே தோன்றும். கிளி சிரித்துக்கொண்டே சொல்லிக்காட்டுவாள், “நிஜக் கிளி நீதான் சித்தி. என்ன, சொன்னதைச் சொல்லாத கிளி.” சில சமயம் கட்டைவிரல் அழுத்தாமல் சும்மா கிடக்கும். அழுத்தியதாகவே எடுத்துக்கொண்டு சித்தி மேலே போய்விடுவாள்.

கல்லூரியில் கிளி சும்மா இருக்கவில்லை. நாற்காலியிலும் ஊன்றுகோலிலும் வெள்ளைப் பிரம்போடும் வந்த பிள்ளைகளைக் கூட்டி ஒரு சங்கம் வைத்திருந்தாள். அதில் ஒரு பையன், கணிதம் படித்தவன், எல்லோருக்கும் ‘கணக்கு’. இரண்டு ஊன்றுகோலில் நடப்பான். யாரோடு பேசினாலும் சிரிக்கவைக்காமல் விடமாட்டான். நூலகத்து லிஃப்டில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று அதைப் பூட்டி, சாவியை அலுவலகத்தில் வைத்திருந்தார்கள். சாவி இருந்தால் சாவிக்காரர் இருக்கமாட்டார், அவர் இருந்தால் சாவி இருக்காது. மாடிக்குப் போக வேண்டியவர்களை இரண்டு ஆட்கள் மூட்டைபோலத் தூக்கிப் போனார்கள். கணக்கு மட்டும் தூக்கவிடமாட்டான். தட்டுத் தட்டென்று தானே ஏறுவான்.

எழுதிப் போட்டதற்கெல்லாம் பதில் வராமல் போகவே, கிளி நேரிலேயே முதல்வர் அறைக்குப் போனாள். சித்தியும் கூட. கிளி அன்று சொன்னது நீளமான பேச்சு ஒன்றுமில்லை. ஆனால் அதைத் தூக்கச் சித்தியின் நாக்கால் முடியவில்லை. எதிரில் முதல்வர். அவர் கொடுத்த வீடு, அவர் கொடுத்த வேலை. லிஃப்டைத் திறந்து வெச்சா பிள்ளைகளுக்கு உதவியா இருக்கும், ஐயாவுக்கு முடிஞ்சப்போ பாருங்கன்னு கேக்குறா என்றாள். பார்ப்போம் என்றார் அவர். எவ்வளவு பணிவு பாரு என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். சித்தியின் மணிக்கட்டில் விரல் அசையவில்லை. சித்தி தன் கையை இழுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். இன்னிக்குச் சொன்னதை நாளைக்கு நானே எழுதிக் குடுத்துடறேன் என்று வழியில் கிளி சொன்னாள்.

மறுநாள் காலை மழை. ஈரப் படிக்கட்டில் கணக்கு மேலிருந்து கீழ்வரை உருண்டான். இடுப்பு நொறுங்கியது. ஊருக்குத் தூக்கிப் போனார்கள். படிப்பு அத்தோடு சரி.

கிளி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறியிருக்கும். அதற்குப் பதில் அவள் ஆராய்ச்சியே அதுவாகிப்போனது. உடம்பு ஒத்துழைக்காத ஒரு பிள்ளை சொல்கிற குறை, விடுதி, அலுவலகம், துறை என்று ஒவ்வொரு கையாக மாறி மேலே போகும்போது எந்தக் கையில் எப்படி வளைகிறது என்று தேடித் தேடி எழுதினாள். என்னைப் பத்தி எழுதியிருக்கியா என்று சித்தி ஒருதரம் கேட்டாள். “இல்ல சித்தி,” என்றாள் கிளி. அந்த ‘இல்ல’தான் சித்தியை அதிகம் பயமுறுத்தியது.

மதியம் வீட்டுக்கு வந்து கிழங்கை அவித்துத் தோலுரித்தாள். பால் விட்டு, கட்டி ஒன்றுகூட இல்லாமல் மசித்தாள். கட்டி தொண்டையில் சிக்கினால் கிளிக்கு மூச்சு நின்றுவிடும். தாடையைத் தாங்கிப் பிடித்து, ஒரு கரண்டி ஊட்டி, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த கரண்டி.

சித்தப்பா நனைந்துபோய் வந்தார். கல்லூரிக் குழாய்களுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். குடியிருப்பை இடிக்கும் பேச்சைச் சித்தி சொன்னாள். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே, இடிக்கட்டும், கூரை ஒழுகுறதாவது நிக்கும் என்றார். பெண்களிருவரும் சிரிக்காததைப் பார்த்துத் துண்டைக் கீழே வைத்தார்.

“டாக்டரம்மா, ஒண்ணு சொல்லவா?” என்று கிளியின் பக்கம் திரும்பினார். “குழாயை ரொம்ப நாள் அடைச்சு வெச்சா ஒருநாள் வெடிக்கும். ஆனா வெடிக்கிற இடத்துல யாரு நிக்கிறாங்கன்னும் பாத்துக்கணும். உன் சித்தி நிக்கிறா.”

கிளி வாயிலிருந்ததை விழுங்கினாள். அதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

“தெரியும் சித்தப்பா.” பிறகு சித்தியைப் பார்த்தாள். “சித்தி, இன்னிக்கு ஒரு நாள். நான் சொல்றதை மட்டும் சொல்லு. கூட்டாத. குறைக்காத. பட்டம் வந்தாலும் சரி, போனாலும் சரி, என் வாயால போகட்டும்.”

“நீ பேசுறபடி நான் பேசினா நடுத்தெருவுல நிப்போம் கண்ணு.”

“என் பேரைச் சொல்லி நீ பேசுறதுல, நான் இத்தனை நாளா நடுத்தெருவுலதான் நிக்கிறேன்.”

சித்தப்பா எழுந்துபோய் ஒழுகும் இடத்தில் பாத்திரத்தை நகர்த்திவைத்தார். அதுவரை அது சரியான இடத்தில்தான் இருந்தது.

சித்தி கிளியின் வாயைத் துடைத்துவிட்டாள். சரி என்றாள். கிளியின் கையை எடுத்துத் தன் மணிக்கட்டில் வைத்து, “அப்படியே சொல்றேன், கூட்டாம குறைக்காம,” என்றாள். விரல் அழுத்தியது.

மண்டபம் நிறைந்திருந்தது. சங்கத்துப் பிள்ளைகள் பின்னால் வரிசையாக நாற்காலிகளை நிறுத்தியிருந்தார்கள். மேடையில் நடுவில் முதல்வர். ஒரு பக்கம் கிளியின் வழிகாட்டிப் பேராசிரியர், குனிந்த தலை நிமிராமல். மறுபக்கம் வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த தேர்வாளர், நரைத்த தலையும் தடித்த கண்ணாடியுமாக ஓர் அம்மாள். சித்தி தேய்த்த மடிப்பு மூன்று அங்கியிலும் நறுக்கென்று நின்றது.

முதல் கேள்விகள் எளிது. கிளி சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்று சித்தி சொன்னாள். பாதி சொற்களுக்கு அவளுக்கு அர்த்தம் தெரியாது, ஆனாலும் கல்லைக் கல்லாகவே எடுத்துவைத்தாள். ஒவ்வொன்றுக்கும் விரல் அழுத்தியது. கல்லூரி உங்களுக்கு எவ்வளவோ செய்திருக்கிறது, ஆய்வில் நன்றியுணர்வே தெரியவில்லையே என்று முதல்வர் கேட்டபோதுதான் சித்திக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கிளி சொன்னதை அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

“செஞ்சீங்க. என் படத்தைப் பெரிசா நுழைவாசல்ல மாட்டினீங்க. அந்த வாசல்ல படிக்கட்டுதான் இருக்கு.”

பின்வரிசையில் சிரிப்பு எழுந்து உடனே அடங்கியது. முதல்வர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. புத்தகத்தைப் புரட்டினார். அவர் கோபப்பட்டிருந்தால் சித்தி இவ்வளவு பயந்திருக்கமாட்டாள்.

“ஒரு மாணவர் படியில் விழுந்ததைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்,” என்றார். “முந்தின நாளே நிர்வாகத்தை வெளிப்படையாக எச்சரித்தோம், நிர்வாகம் கேட்கவில்லை என்று. எச்சரித்தது என் அறையில். என் காதால கேட்டேன். முடிஞ்சப்போ பாருங்கன்னு கேட்டீங்க. அது எச்சரிக்கையா? வேண்டுகோளை எச்சரிக்கைன்னு எழுதுறதுக்கு ஆராய்ச்சியில என்ன பேருன்னு உங்களுக்கே தெரியும். பொய் இருக்கிற ஆய்வுக்குப் பட்டம் கிடையாது.”

அவர் கையை உயர்த்தினார். அங்கிக் கை சரிந்தது. உட்பக்கத்தில் அந்தப் பழுப்புத் தழும்பு. சித்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளித்தேர்வாளர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்கும் இங்கதான் சந்தேகம்மா. ஒரு சொல் எந்தெந்தக் கையில வளையுதுன்னு எல்லாக் கையையும் தேடிப் பாத்திருக்கீங்க. முதல் கையை விட்டுட்டீங்க. உங்க வாயிலேருந்து சொல்லை வாங்குற கை எது?”

மண்டபக் கூரையில் மழை சடசடத்தது. எல்லோரும் தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்ததுபோலச் சித்திக்குப் பட்டது. கிளியின் தலை ஒருபக்கம் சாய்ந்து ஆடியது. அவள் தாடை திறந்து மூடியது. கடைசியில் பேசினாள்.

சித்திக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் உடனே சொல்ல வரவில்லை. கூட்டாமல் குறைக்காமல் என்று வாக்குக் கொடுத்த வாய். சொன்னாள்.

“குறை என்னுது. அன்னிக்கு நான் தெளிவாப் பேசல.”

விரல் அழுத்தியது. எப்போதையும்விடப் பலமாக, போதும், இத்தோடு விடு என்பதுபோல.

முதல்வரின் முகம் தளர்ந்தது. பெருந்தன்மையாகவே பேசினார். அப்படியானால் பிரச்சினை ஒன்றுமில்லை, அந்த ஒரு பகுதியை எடுத்துவிட்டுக் கொடுங்கள், பட்டத்துக்குப் பரிந்துரைக்கலாம் என்றார். வழிகாட்டி முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி மூச்சுவிட்டார். பட்டம் வந்துவிட்டது. வீடும் தப்பிவிட்டது. சித்தி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், உட்காருவது.

அவள் உட்காரப்போனாள். கணக்கு உட்கார்ந்திருக்க வேண்டிய ஓர் இடம் பின்வரிசையில் கண்ணில் பட்டது. இடம் ஒன்றும் விட்டிருக்கவில்லை, நாற்காலிகள் நெருக்கித்தான் நின்றன. ஆனாலும் அவளுக்குத் தெரிந்தது. தட்டுத் தட்டென்ற அந்த ஊன்றுகோல் சத்தம் காதில் கேட்டது, மழையோ என்னவோ.

“அது அவ சொன்னதுங்க,” என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. “அப்படியே சொல்லிட்டேன். இனிமே நான் சொல்றது.”

கிளியின் நகம் மணிக்கட்டில் பதிந்தது. வேண்டாம் என்கிற விரல். அதற்கும் ஓர் அழுத்தம் உண்டென்று சித்திக்கு அன்றுதான் தெரிந்தது.

“சித்தி,” என்றார் முதல்வர் மெதுவாக. “உன் வேலை திருப்பிச் சொல்றது மட்டும்தான்.”

“ஆமாங்கய்யா. அந்த வேலையத்தான் அன்னிக்கு உங்க அறையில நான் செய்யல. அவ தெளிவாத்தான் பேசினா. முடிஞ்சப்போ பாருங்கன்னு கேட்டது நான். உங்களைப் பாத்து எனக்குப் பயம். வீடு போயிடும், வேலை போயிடும்னு பயம். சின்னதுலேருந்து அவ பேசினதையெல்லாம் நான் அப்படித்தான் வெளுத்து வெளுத்துக் குடுத்தேன். பணிவான பொண்ணுன்னு சொன்னீங்களே, அது அவ இல்ல, நான். அவ என்னைக் காப்பாத்தறதுக்காக அந்த முதல் கையை எழுதாம விட்டுட்டா.”

வெளித்தேர்வாளர் அம்மாள் முன்னால் சாய்ந்தார். “அன்னிக்கு அவங்க என்ன சொன்னாங்கன்னு ஞாபகம் இருக்கா?”

மறந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். போர்வை அலசும்போதும் கோட்டு பிழியும்போதும் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது அந்த வாக்கியம்தான். ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் முதல்வரின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் அங்கியின் தீய்ச்சலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“‘மழை வரப்போகுது. இன்னிக்கே பூட்டைத் திறங்க. திறக்காம யாராவது விழுந்தா, அது விபத்து இல்ல, நீங்க தள்ளிவிட்டது.’”

சித்தியின் காதுக்குள் கொதிகலன்போல இரைச்சல். இந்தக் கையெல்லாம் இனி எந்தத் துணியைத் துவைக்கும், எந்தக் கூரைக்குக் கீழே பாத்திரம் வைக்கும் என்று மனசு எங்கெங்கோ ஓடியது. மணிக்கட்டில் விரல் அசையாமல் கிடந்தது. தப்பாகச் சொல்லிவிட்டேனோ, ஒரு சொல் மாறிப்போச்சோ என்று அதற்கும் பயந்தாள்.

பிறகு கட்டைவிரல் அழுத்தியது. அழுத்தி, எடுக்காமல் அப்படியே இருந்தது.

கிளி ஏதோ சொன்னாள். என்ன சொல்கிறார் என்று முதல்வர் கேட்டார். குரலில் பழைய தேன் இல்லை.

“என்னை உக்காரச் சொல்றா,” என்றாள் சித்தி. உட்கார்ந்தாள்.

தேர்வை ஒத்திவைக்கலாம் என்று முதல்வர் எழப்போனார். தேர்வு இன்னும் முடியலையே என்றார் அந்த அம்மாள், இருந்த இடத்திலிருந்து அசையாமல். முதல்வர் நின்றார், சுற்றிலும் பார்த்தார், உட்கார்ந்தார். கை மடியில் மடங்கி, தீய்ச்சல் மறைந்துபோயிற்று. அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சித்தியைப் பார்க்காமல் கிளியை நேராகப் பார்த்துக் கேட்டார்.

“நீங்க சொல்லுங்கம்மா. அந்தப் பகுதி இருக்கணுமா, வேண்டாமா?”

நாளைக்குச் சலவைக்கூடத்துக் கதவு தனக்குத் திறக்குமா என்று சித்திக்குத் தெரியாது. கிளி என்ன சொல்லப்போகிறாள் என்றும் தெரியாது. அடிவயிற்றில் பயம் அதே இடத்தில், அதே கனத்தில் கிடந்தது.

கிளி வாயைத் திறந்தாள். சித்தி குனிந்து காதைக் கொடுத்தாள்.